பெரிய விமானத்தின் வலது இருக்கையா, சின்ன விமானத்தின் இடது இருக்கையா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து பறக்கும் துணை விமானிகளில் பலர் முப்பதுகளின் நடுவில் ஒரே கேள்வியோடு வந்து நிற்பார்கள். ஏ350 மாதிரி ஒரு பெரிய விமானத்தில் வலது இருக்கை. லண்டன், பாரிஸ், சிட்னி என்று போய்வருகிறார். சம்பளத்துக்குக் குறையில்லை, வேலையும் கைக்குப் பழகிவிட்டது. ஆனால் கேப்டன் ஆவதற்கான வரிசை நீளம். இன்னொரு பக்கம், போயிங் 737, ஏ320 மாதிரிச் சின்ன விமானத்தில் கேப்டனின் இடது இருக்கை சில வருடம் முன்னதாகவே கிடைக்கக்கூடும். வீட்டில் மூத்தது பாலர் பள்ளிக்குப் போகிறது, இளையது இன்னும் பால் குடிக்கிறது. மனைவிக்கும் வேலை. பெரிய விமானத்திலேயே காத்திருப்பதா, சின்னதுக்குப் போய்த் தோளில் கேப்டனுக்குரிய நாலு கோடு வாங்குவதா, இல்லை துபாய்க்கே கிளம்பிவிடுவதா?

நான் விமானி இல்லை. விமானிகளுக்கு ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை, போடும் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். காக்பிட்டுக்குள் நடப்பது அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் யார் எந்த மாதம் எதற்காக லீவு கேட்டார்கள், யார் ஒரு பயணத்தை மாற்றித் தரச் சொல்லித் திரும்பத் திரும்பப் போன் செய்தார்கள், பதவி உயர்வுக்குப் பிறகு யாருடைய குரல் எப்படி மாறியது என்பதெல்லாம் ரோஸ்டர் மேசைக்குத் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த அலசல் இது.

முன்னேற்றமா, நிம்மதியா என்று மொட்டையாகக் கேட்டால் எனக்குப் பதில் வராது. நான் பார்ப்பது இரண்டு விஷயம். வீட்டில் விழித்திருக்கும் நாள் மாதத்துக்கு எத்தனை? வெறுமனே வீட்டில் இருக்கும் நாளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்தது, நாளைக்கே கம்பெனியை மூடிவிட்டால் கையோடு எதை எடுத்துக்கொண்டு போகலாம்? இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் எல்லோரும் ஏங்கும் சில வேலைகள் கொஞ்சம் இளைத்துத் தெரியும்.

அமெரிக்கக் கணக்கு இங்கே செல்லாது

இந்த விவாதத்தை உலகத்தில் அதிகம் பேசியவர்கள் அமெரிக்க விமானிகள். அங்கே எல்லாமே மூப்பு வரிசை. எந்தப் பயணம், எந்த நாள் லீவு, வேலை தொடங்கும் தளம் எந்த ஊர் என்று எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போட வேண்டும். வரிசையில் மேலே இருப்பவருக்கு முதலில் கிடைக்கும். பல வருடம் துணை விமானியாகவே இருப்பவர், தன் வரிசையில் மேலே போய் உட்கார்ந்துகொண்டு கிறிஸ்துமஸை வீட்டில் கொண்டாடுவார். அவரே கேப்டன் ஆனால், கேப்டன்கள் வரிசையில் கடைசி ஆள். மறுபடியும் ஸ்டேண்ட்பை (கூப்பிட்டால் கிளம்பத் தயாராகக் காத்திருப்பது), மறுபடியும் பண்டிகை நாளில் வேலை. 2023-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் அறிவித்த கேப்டன் இடங்களில் ஏறக்குறைய பாதிக்கு ஆள் வரவில்லை என்று செய்தி வந்தது இதனால்தான். சம்பளம் கூடும் என்று தெரிந்தே வேண்டாம் என்றார்கள்.

அவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. வீடு ஃபுளோரிடாவில், தளம் நியூயார்க்கில் என்று இருப்பவர்கள் அங்கே ஏராளம். வேலைக்குப் போவதற்கே ஒரு விமானம் ஏற வேண்டும். போய் இறங்கிய ஊரில், பல விமானிகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் ஒரு கட்டில் கிடைக்கும்.

சிங்கப்பூரில் அந்தக் கதையே இல்லை. உட்லண்ட்ஸில் வீடு இருந்தாலும் ஜூரோங்கில் இருந்தாலும் விடியற்காலையில் டாக்சி பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் சாங்கி வந்துவிடும். ஒரே தளம். உள்நாட்டுப் பயணம் என்பதே கிடையாது. ஆகவே அமெரிக்கர்கள் பேசுவதில் பாதி இங்கே உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது எந்த விமானம், எந்தப் பக்கத்து இருக்கை என்பது மட்டும்தான். அதிலும் குடும்பத்தின் அன்றாடத்தைப் புரட்டிப் போடுவது விமானத்தின் வகை. இருக்கை அதற்கு அடுத்துத்தான் வரும். உறவுக்காரர்கள் கல்யாண வீட்டில் கேட்பது என்னவோ கோட்டின் எண்ணிக்கையைத்தான்.

நீண்ட தூரம்: எண்ணிக்கையில் நிறைய, கையில் கொஞ்சம்

நியூயார்க் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் ஏ350-இன் மீநெடுந்தூர வகையை வைத்து நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்குக்கு இடைநில்லாப் பயணம் தொடங்கியது. 2020 நவம்பரில் ஜேஎஃப்கே விமான நிலையமும் சேர்ந்தது. 15,300 கிலோமீட்டருக்கு மேல், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். விமானிகள் நாலு பேர், மாறி மாறித் தூங்கி எழுந்து ஓட்டுவார்கள்.

இப்போது ரோஸ்டர்காரன் கணக்கு. 28 நாளில் 100 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. ஒரு நியூயார்க் போய்வந்தால் 36 மணிக்கு மேல் ஆகிவிடும். மூன்று முறை அனுப்பினால் நூறைத் தாண்டிவிடும். ஆக, 28 நாளில் இரண்டுக்கு மேல் போட முடியாது. நடுவில் ஒரு சின்னப் பயணம், கொஞ்சம் ஸ்டேண்ட்பை, சிமுலேட்டர் (தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் இயந்திரம்) என்று நிரப்பினாலும் மாதத்தில் பாதிக்கு அருகில் வீட்டில் இருக்கிற மாதிரி அட்டவணையில் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பொறாமை வரும்.

அட்டவணையில் தெரியாத விஷயம், நியூயார்க் நம்மைவிட 12 அல்லது 13 மணி நேரம் பின்னால் இருக்கிறது என்பது. பகல் அப்படியே இரவாகிவிடுகிறது. திரும்பி வந்த முதல் இரண்டு நாள் ஆள் வீட்டில் இருப்பார், அவ்வளவுதான். மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகும், இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்து இருட்டில் உட்கார்ந்திருப்பார். ஐந்து நாள் ஓய்வு என்று நாங்கள் போட்டால் குடும்பத்துக்கு அது மூன்று நாள். லண்டன், பாரிஸ் இதைவிடக் கொஞ்சம் தேவலை. இருந்தாலும் ஆறிலிருந்து எட்டு மணி நேர வித்தியாசம் சும்மா விடாது.

ஆனால் அந்த மூன்று நாளும் முழு நாள். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடலாம், ஒன்றரை மணிக்குப் போய்க் கூட்டிவரலாம், கூட்டமே இல்லாத நேரத்தில் நீச்சல் குளத்துக்குப் போகலாம். ராஃபிள்ஸ் பிளேஸில் அலுவலகம் இருக்கிற அப்பாக்களுக்கு இது நடக்காத காரியம். மாதத்தில் இப்படி ஏழெட்டு நாள் கிடைத்தால் பிள்ளை அப்பாவைத் தெரிந்துகொண்டே வளரும்.

முன்னேற்றம் என்று பார்த்தால் நீண்ட தூரத்துக்கு வேறொரு குறை உண்டு. நாலு விமானிகள் போகும் பயணத்தில் தரையிறக்குபவர் ஒருவர்தான். 90 நாளில் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்த மூன்றுக்கே வழியில்லாமல் சிமுலேட்டரில் போய்க் கணக்கை முடிப்பவர்கள் உண்டு. பறந்த மணி நேரம் பதிவேட்டில் ஏறிக்கொண்டே போகும். கைக்குப் பழக்கம் அந்த வேகத்தில் ஏறாது. கேப்டன் பயிற்சிக்குக் கூப்பிடும்போது இந்த வித்தியாசம் தெரியும் என்று பயிற்சி கொடுப்பவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

குறுந்தூரம்: தினமும் வீட்டுக்கு வரும் விருந்தாளி

“பரவாயில்லைண்ணே, 737-க்குப் போனா தினம் வீட்டுக்கு வந்துடலாம்.” இந்த வாக்கியத்தை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். உண்மைதான், வந்துவிடலாம். எந்த நிலையில் வருகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

காலை ஆறரைக்கு பினாங்கு விமானம் என்று வையுங்கள். ஐந்தரைக்கு முன்னால் ஆள் சாங்கியில் இருக்க வேண்டும். மூன்றே முக்கால், நாலுக்கு எழுந்தால்தான் சரிப்படும். பினாங்கு போய்வந்து, அடுத்து புக்கெட் போய்வந்து, நாலு முறை ஏற்றி நாலு முறை இறக்கிவிட்டு மதியம் மூன்று நாலு மணிக்கு வீட்டுக்குள் நுழைவார். பிள்ளைகளும் பள்ளியிலிருந்து வந்திருப்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மறுநாளும் நாலு மணிக்கு எழ வேண்டும் என்றால் எட்டு மணிக்குப் படுத்தாக வேண்டும். நடுவில் கிடைக்கும் நாலு மணி நேரத்தில் பாதி சோபாவில் போய்விடும். ஒரு வாரம் இப்படி விடியற்காலை, அடுத்த வாரம் மாலையில் ஆரம்பித்து நள்ளிரவில் முடியும் வேலை. நேர வித்தியாசம் இல்லாமலே உடம்பு குழம்பும்.

எங்கள் மேசையில் அதிக முனகல் வந்தது இந்திய டர்ன்அரவுண்டுக்குத்தான், அதாவது அங்கே தங்காமல் உடனே திரும்பும் பயணத்துக்கு. திருச்சியோ சென்னையோ, ஒரு பக்கம் நாலு மணி நேரம் அளவில். இரவு ஒன்பது மணிக்கு மேல் கிளம்பி, அங்கே ஒரு மணி நேரம் நின்று, விடியும்போது சாங்கிக்குத் திரும்புவது. இந்தியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்கே நள்ளிரவில் கிளம்பினாலும் இங்கே காலையாகிவிடும். இரவு இரண்டிலிருந்து காலை ஆறு வரை மனித உடம்பின் விழிப்பு மிகவும் குறைந்திருக்கும் நேரம் என்பது விமானப் போக்குவரத்துத் துறையே ஒப்புக்கொண்ட விஷயம். சரியாக அந்த நேரத்தில்தான் இவர்கள் வங்காள விரிகுடாவைக் கடந்துகொண்டிருப்பார்கள். காகிதத்தில் இது வெளியூரில் தங்காத பயணம். வீட்டுக்காரம்மாவைக் கேட்டால், ராத்திரி ஆள் இல்லை, பகலெல்லாம் அறையை இருட்டாக்கிக்கொண்டு தூக்கம், இதில் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று சந்தோஷப்படுவதா என்பார். ஸ்ரீரங்கத்தில் பெரியம்மா வீடு இருந்தும் திருச்சி ஓடுதளத்திலிருந்தே திரும்பிவிடும் விமானிகளை எனக்குத் தெரியும். பெரியம்மாவுக்கு அது இன்னும் விளங்கவில்லை.

ஆகவே விழித்திருக்கும் நாள் என்று எண்ணினால், குறுந்தூரம் நினைப்பதுபோல் பெரிய லாபம் இல்லை. ஒன்றில் மட்டும் ஜெயிக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு அவசரம் வந்தால், ஆள் அனேகமாகச் சில மணி நேரத்தில் ஊரில் இருப்பார். மன்ஹாட்டன் ஓட்டலில் உட்கார்ந்து வீடியோ அழைப்பில் தர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வயதான பெற்றோர் வீட்டில் இருந்தால் இது சின்ன விஷயம் அல்ல.

பெர்த் கொடுங்கண்ணே

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. ஐந்திலிருந்து ஏழு மணி நேரப் பயணம், ஓர் இரவு அங்கே தூக்கம், மறுநாள் திரும்புவது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் போயிங் 787-10 இந்த மாதிரிப் பயணங்களுக்கு அதிகம் போகிறது. அதன் மலிவுக் கட்டணத் துணை நிறுவனமான ஸ்கூட்டிலும் 787 இருக்கிறது. இதில் எல்லோரும் கேட்கும் ஊர் பெர்த். காரணம் எளிது: பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம். கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். ஜப்பான் ஒரு மணி நேரம்தான் முன்னால். போய்வந்த மறுநாள் ஆள் ஆளாக இருப்பார். விழித்திருக்கும் நாள் என்ற அளவில் இதுதான் முதலிடம், இரண்டாவது இடம் வெகு தூரத்தில் இருக்கிறது.

இதே வகையில் அனுபவமுள்ள துணை விமானியாக இருப்பது சாங்கியில் கிடைக்கும் சொகுசான வாழ்க்கை என்பேன். வேலை அத்துப்படி, கடைசிப் பொறுப்பு இன்னொருவருடையது, தூக்கம் ஒழுங்காக இருக்கிறது. பலர் இங்கேயே தங்கிவிட ஆசைப்படுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. என்ன, விருப்பப்பட்டு எல்லோரும் இதில் உட்கார முடியாது. காலியிடம் வந்தால் கேட்பார்கள், கம்பெனிக்குத் தேவை என்றால் வேறு விமானத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

கேப்டன் ஆகும் வருடம்

கேப்டன் பயிற்சியை அவர்கள் ‘கமாண்ட்’ என்பார்கள். வகுப்பு, சிமுலேட்டர், பிறகு பயிற்சி கேப்டனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயணிகளோடு பறப்பது, கடைசியில் தேர்வு. மாதக்கணக்கில் போகும். சிமுலேட்டர் விலையுயர்ந்த இயந்திரம் என்பதால் இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். நள்ளிரவு இரண்டு மணிக்கு நேரம் ஒதுக்கினாலும் போய்த்தான் ஆக வேண்டும். அந்த மாதங்களில் வீட்டில் ஆள் இருந்தாலும் புத்தகத்துக்குள்தான் இருப்பார். தோற்றுப்போகவும் வாய்ப்பு உண்டு. தோற்றவர் மீண்டும் வலது இருக்கையில் உட்கார்ந்து, நேற்றுவரை தன்னோடு படித்தவரைக் கேப்டன் என்று கூப்பிட வேண்டியிருக்கும்.

ஜெயித்த பிறகும் முதல் வருடம் எளிதல்ல. புதிய கேப்டனோடு புதிய துணை விமானியைச் சேர்த்து அனுப்பக் கூடாது. சில விமான நிலையங்களுக்குத் தனிப் பயிற்சி இல்லாமல் போக முடியாது. இந்தக் கட்டுப்பாடுகளையெல்லாம் மீறாமல் அட்டவணை போட்டால் புதியவருக்கு விழுவது மிச்சம் மீதிதான். விருப்பம் கேட்டால் முதலில் “பார்க்கலாம்” என்ற பதில்தான் வரும். நானே அப்படிப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பண்டிகை விஷயத்தில் மட்டும் சிங்கப்பூருக்கு ஒரு தனி வசதி உண்டு. மூப்பு வரிசையால் அமெரிக்காவில் வரும் சண்டையை இங்கே இனங்கள் தீர்த்துவைக்கின்றன. சீனப் புத்தாண்டுக்கு நம்மவர் ஒருவர் பறப்பார், தீபாவளிக்கு அவருடைய சீன நண்பர் பறப்பார், நோன்புப் பெருநாளுக்கு இருவரும் சேர்ந்து மலாய் நண்பருக்கு விட்டுக்கொடுப்பார்கள். புதிய கேப்டனாக இருந்தாலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும். பிரச்சினை தைப்பூசத்தில்தான். அன்று பொது விடுமுறை இல்லை. காவடி எடுக்க வேண்டுதல் இருப்பவர் முந்தின வருடமே சொல்லிவைத்தால் உண்டு. அடுத்தது தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ. செப்டம்பர், அக்டோபரில் எழுத்துத் தேர்வு என்றால் எந்த இனத்துக்காரரும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

கையோடு வருவது எது?

இங்கேதான் தராசு சாய்கிறது. வரிசையில் உங்கள் எண் கம்பெனியின் சொத்து. பத்து வருடம் காத்து மேலே வந்திருந்தாலும் அடுத்த கம்பெனியில் கடைசியிலிருந்துதான் ஆரம்பம். இடது இருக்கையில் கேப்டனாகப் பறந்த மணி நேரம் உங்களுடையது. எங்கே போனாலும் பதிவேட்டில் கூடவே வரும். வெளிநாட்டு நிறுவனங்கள் நேரடியாகக் கேப்டனாக எடுக்கும்போது முதலில் கேட்பதும் அதைத்தான்.

அமைதியான காலத்தில் இந்த வித்தியாசம் யாருக்கும் உறைக்காது. கொரோனா பரவிய 2020 மார்ச்சில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதன் துணை நிறுவனமான சில்க்ஏரும் சேர்ந்து தங்கள் 147 விமானங்களில் 138-ஐத் தரையில் நிறுத்தின. ஸ்கூட் 49-இல் 47-ஐ நிறுத்தியது. மற்ற நாட்டு நிறுவனங்கள் உள்நாட்டுப் பயணங்களை வைத்துக் கொஞ்சமாவது மூச்சுவிட்டன. நமக்கு அந்த வழியும் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் குழுமம் முழுவதிலும் சுமார் 4,300 வேலையிடங்கள் குறைக்கப்படும் என்று அறிவித்தார்கள். 2021-இல் சில்க்ஏர் என்ற பெயரே தாய் நிறுவனத்துக்குள் கரைந்தது.

சின்னக் கம்பெனியில் சீக்கிரம் கேப்டன் ஆகலாம் என்பவர்களுக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சாங்கியிலிருந்து பறந்த மலிவுக் கட்டண நிறுவனமான ஜெட்ஸ்டார் ஏஷியா 2025 ஜூன் மாதம் மூடுவதாக அறிவித்து ஜூலை 31-ஆம் தேதி கடைசி விமானத்தை ஓட்டியது. 13 விமானங்கள், ஐந்நூறுக்கு மேற்பட்ட ஊழியர்கள். அறிவிப்புக்கும் முடிவுக்கும் நடுவில் இரண்டு மாதம்கூட இல்லை. கம்பெனி சின்னதாக இருப்பதில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது. ஆனால் அங்கே வலது இருக்கையில் இருந்தவரும் இடது இருக்கையில் இருந்தவரும் அன்றைக்கு வேலை தேடக் கிளம்பியபோது அவர்கள் கையில் இருந்தது ஒன்றல்ல. ஏ320 கேப்டனுக்கு உலகம் முழுக்கக் கதவுகள் உண்டு. அதே வயதுத் துணை விமானிக்கு அவற்றில் பாதிதான் திறக்கும்.

பெரிய விமானத்தின் துணை விமானி இதைக் கேட்டுவிட்டு, என் விமானம் பெரிது, என் மணி நேரம் அதிகம் என்பார். பெருமைப்படலாம், தப்பில்லை. ஆள் எடுப்பவர்கள் கேட்பது வேறு.

உடம்பும் கையோடு வரும் சொத்துதான், அதை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் வகுப்பு மருத்துவச் சான்று இல்லாமல் ஒருவர் பறக்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை, 60 தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சிங்கப்பூரில் நீரிழிவு இந்தியர்களிடையே அதிகம் என்று தேசிய ஆய்வுகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. இரவு வேலை, ஒழுங்கற்ற சாப்பாடு, லேஓவரில் (வெளியூரில் தங்கும் நாளில்) துணைக்கு யாரும் இல்லாத இரவுச் சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் தெரியும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கைமீறிப்போய்ச் சான்று நின்றுவிட்டால் கோடு மூன்றானாலும் நாலானாலும் பயன் இல்லை. தூக்கத்தைச் சொகுசு என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். வாழ்க்கைத் தரம், முன்னேற்றம் என்று இரண்டு தட்டில் வைத்தாலும் இந்த ஓர் இடத்தில் இரண்டும் ஒன்றுதான்.

துபாய், தோஹா

வருமான வரி இல்லை, வீட்டுக்கும் பள்ளிக்கும் படி உண்டு, சொல்லப்படும் தொகை கண்ணைப் பறிக்கும். எமிரேட்ஸில் சின்ன விமானமே கிடையாது. எல்லாம் 777, ஏ380, இப்போது ஏ350. ஆகவே நான் மேலே சொன்ன நீண்ட தூரத்து நேர வித்தியாசக் களைப்பும், அதாவது ஜெட்லாக்கும், அங்கே கூடவே வரும்.

குடும்பத்தோடு போனால் சரிவரலாம். துபாயில் தமிழ்க் குடும்பங்களுக்கும் தோசைக்கும் பஞ்சமில்லை. ஆனால் சிங்கப்பூர்க்காரருக்குச் சில முடிச்சுகள் இருக்கின்றன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கி, பெரும்பாலும் ஐந்து வருடமான குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியாமல் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. மத்திய சேமநிதியில் முதலாளி போடும் 17 விழுக்காடு நின்றுபோகும். அந்தப் பங்குக்குச் சம்பள உச்சவரம்பு இருப்பதால் ஒரு கேப்டனுக்கு அது பெரிய தொகை இல்லை. வீட்டுக் கடனைச் சேமநிதியிலிருந்து கட்டுபவர்களுக்குத்தான் கையைக் கடிக்கும். மகன் 13 வயதைத் தொட்டுவிட்டால் நீண்டகாலம் வெளிநாட்டில் வைத்திருக்கத் தேசிய சேவை (கட்டாய ராணுவ சேவை) அதிகாரிகளிடம் அனுமதி வாங்க வேண்டும். திரும்பி வரும் பிள்ளை பிஎஸ்எல்இ தமிழ்த் தாளில் என்ன செய்யும் என்பது இன்னொரு கவலை. குடும்பத்தை இங்கே விட்டுவிட்டுத் தனியாகப் போவது மிக மோசமான ஏற்பாடு. அமெரிக்கர்களின் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவது மாதிரி. கல்யாணத்துக்கு முன்னால் போகலாம், அல்லது பிள்ளைகள் தலையெடுத்த பிறகு போகலாம். நடுவில் வேண்டாம்.

பயிற்றுநர் வேலையையும் அலுவலகப் பொறுப்பையும் சிலர் வாழ்க்கைத் தரத்துக்காகக் கேட்கிறார்கள். பயிற்றுநருக்கும் அதே நள்ளிரவு சிமுலேட்டர்தான். அலுவலகத்தில் உட்கார்ந்தால் ஒன்பது முதல் ஆறு வரை கூட்டம், மேலே பறக்கவும் வேண்டும், பறக்கும் படி குறையும். சரக்கு விமானம் ஏறக்குறைய முழுக்க இரவு வேலை. பயணிகள் தொல்லை இல்லை என்பதற்காக விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் யாருக்கு எதைச் சொல்வேன்

கல்யாணம் ஆகாத துணை விமானி என்றால் நீண்ட தூரம் போகட்டும். உலகத்தைப் பார்க்கட்டும், ஜெட்லாக்கைத் தாங்கும் வயது. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு 787 மாதிரி நடுத்தரத் தூரம், வலது இருக்கை. இரண்டு மூன்று வருடம் அந்தச் சொகுசை அனுபவிப்பதில் தப்பே இல்லை. அதற்குப் பிறகு சின்ன விமானத்தில் கமாண்ட் வந்தால், பெரிய விமானத்தின் வரிசைக்காகக் காத்திருக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். விழித்திருக்கும் நாள் கொஞ்சம் குறையும், தெரிந்தே சொல்கிறேன். 35 வயதில் இடது இருக்கையில் உட்காருபவருக்கு, 65 என்ற சர்வதேச வயது வரம்பு வரை முப்பது வருடம் இருக்கிறது. பெரிய விமானத்துக்கு அப்புறம் கேப்டனாகவே போய்ச் சேரலாம். பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டால் அப்பா வீட்டில் இருப்பதை அவர்களே அவ்வளவாக விரும்ப மாட்டார்கள். நியூயார்க்குக்கு அதுதான் சரியான பருவம்.

வயதான அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியவருக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர் சின்ன விமானத்திலேயே இருக்கலாம், கோடு எத்தனையானாலும்.

கமாண்டைத் தள்ளிப்போடலாமா என்று கேட்பார்கள். ஒருமுறை தள்ளலாம். மனைவிக்குப் பிரசவம், பிள்ளைக்கு பிஎஸ்எல்இ, வீட்டில் ஒரு நோயாளி என்று காரணம் சொன்னால் கேட்டுக்கொள்ளும் மேலாளர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது முறை தள்ளினால் அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்பது விமானங்களை வாங்குகிறவர்களையும் எண்ணெய் விலையையும் பொறுத்தது. தள்ளுவதாக இருந்தால் காரணத்தோடு எந்த மாதத்திலிருந்து தயார் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். தேதி இல்லாத கடிதத்தை ‘விருப்பமில்லை’ என்ற கோப்பில்தான் வைப்பார்கள்.